கல்லில் குறைந்த தண்ணீர்

சின்னவள் ஒரு வேலையைக் கையில் எடுத்தால் அரைகுறையாக விட்டதில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தபோது, அவள் கழுவி வைத்த கண்ணாடிக் குழாய்களை ஆசிரியர்கள் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்வார்கள். அந்த வேலையை விட்டுவிட்டு, நரை எட்டிப் பார்க்கும் வயதில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். தையல் மெஷினை மிதித்துக் குடும்பத்தை இழுக்கும் அக்காவுக்கு, துணி கொடுக்க வருகிறவர்களிடம் தங்கையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் ஒரு படி ஏறும்.

"கல்லு வளர்க்கிறா."

"கல்லு எங்கயாவது வளருமா?"

"எங்க சின்னவ வளர்த்தா வளரும்."

அதில் பொய்யில்லை. நிக்கல் சல்பேட் பச்சை. கோபால்ட் சல்பேட் சிவப்பு. இரண்டையும் பொட்டாசியம் சல்பேட்டோடு வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, ஊசித் துளை போட்ட தாளால் மூடி, ஆடாமல் அசையாமல் வைத்தால் அடியில் படிகம் வளரும். பச்சை என்றும் சொல்ல முடியாது, சிவப்பு என்றும் சொல்ல முடியாது. அப்படியொரு மங்கல் நிறம். உள்ளே ஒரே மாதிரியான இடங்களில் சிலவற்றில் நிக்கலும் சிலவற்றில் கோபால்ட்டும் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் காவல் நிற்கும். எக்ஸ்ரே அறிக்கையும் அதைத்தான் சொன்னது: இரண்டு உப்புகளின் கலவை இல்லை, ஒரே படிகம், உலோகத்துக்கு ஆறு தண்ணீர்.

தராசு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

அது உலைக்குள் தொங்கும் தராசு. படிகத்தைப் பொடியாக்கிக் குட்டிக் கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றினால், தண்ணீர் வெளியேற வெளியேற எடை இறங்குவதைக் கோடாக வரைந்து காட்டும். ஆறும் போனால் ஏறக்குறைய கால் பங்கு எடை குறைய வேண்டும். சின்னவளுக்கு ஆறுக்குப் பதில் ஐந்து சொச்சம் தண்ணீர்தான் வந்தது. பொடி சீராக இல்லையோ என்று இன்னும் அரைத்தாள். இன்னும் குறைந்தது. பீங்கான் கல்வத்தைக் கழுவிக் காயவைத்து, கையுறைக்குள் வியர்க்கும்வரை அரைத்தாள். ஐந்துக்கும் கீழே போய்விட்டது.

நெறியாளர் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எக்ஸ்ரே ஒண்ணு சொல்லுது, தராசு ஒண்ணு சொல்லுது. திங்கட்கிழமை ஆய்வுக் குழு முன்னாடி எதைம்மா காட்டுவே? இது ஒத்துப்போகலைன்னா ஆராய்ச்சிக் காலத்துக்கு நீட்டிப்பு கொடுக்க மாட்டாங்க. உன் பதிவு அதோட முடிஞ்சது."

வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணி எங்கடி போயிருக்கும்?" என்றாள் அக்கா. "எங்கயாவது ஒழுகியிருக்குமா?"

"கல்லுக்குள்ள இருக்கிற தண்ணிக்கா. குடத்துல இருக்கிற தண்ணி இல்ல."

"அப்போ தராசு பொய் சொல்லுது."

"மத்தவங்களுக்கெல்லாம் சரியா சொல்லுதே."

"அப்போ எக்ஸ்ரே பொய் சொல்லுது."

"அக்கா, நானே குழம்பிப் போயிருக்கேன். நீ வேற."

"சரி, நான் வாயைத் திறக்கல" என்று சொன்ன அக்கா, கை கழுவும் இடத்துக்கும் பின்னாலேயே வந்து, "ஒருவேளை கல்லே பொய் சொல்லுதோ?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை இன்னொரு பொடியோடு போனபோது, தராசை ஓட்டுபவர் சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவரை எல்லோரும் தராசுக்காரர் என்றே கூப்பிடுவார்கள்.

"உங்க மாவுதாம்மா மாவு. மத்ததெல்லாம் மணலு. இதை முகத்துக்கே பூசிக்கலாம் போலிருக்கு. எக்ஸ்ரேக்கும் இதையேதான் கொடுத்தீங்களா?"

"இல்லண்ணே, அங்க உடைக்காத முழுக் கல்லுதான்..." என்றவள் பாதியில் நின்றாள்.

அங்கே போனது கல். இங்கே வந்தது மாவு. சீசாவை வாங்கிப் பார்த்தாள். வளர்த்த கல்லின் நிறம் பொடியில் இல்லை, வெளிறிப்போயிருந்தது. பொடியானால் எந்த நிறமும் வெளிறும் என்று இத்தனை நாள் விட்டிருந்தாள். அரைத்த சூட்டிலும் அழுத்தத்திலும் தண்ணீர் கல்வத்திலேயே கிளம்பிப் போயிருந்தால்? தராசு மிச்சத்தைத்தானே எடை போட்டிருக்கும்?

"அண்ணே, அரைக்காம வெச்சுப் பார்க்கலாமா? லேசா நொறுக்கித் தரேன்."

"நொறுக்கலா வெச்சா சூட்டுல வெடிச்சுச் சிதறும். அப்புறம் என் உலையை யார் துடைக்கிறது?"

"நானே துடைக்கிறேன்ணே. துளை போட்ட மூடி போடுங்க."

"துடைச்சா சரி" என்று முனகிக்கொண்டே கிண்ணத்தை வாங்கினார்.

கோடு இறங்கத் தொடங்கியது. இந்த முறை கால் பங்கை நெருங்கிப் போய் நின்றது. ஆறு! சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் புதுக் குழப்பம். கோடு ஒரே சரிவாக இறங்காமல் நடுவில் ஒரு படி போட்டிருந்தது. முதலில் கொஞ்சம் தண்ணீர், பிறகு மிச்சம். நிக்கலின் தண்ணீர் வேறு, கோபால்ட்டின் தண்ணீர் வேறு என்று பிரிந்து போகிறதா? மூடி வழிமறித்ததால் தாமதமா? இல்லை, அந்தப் படிகத்தின் குணமே இப்படித்தானா? தராசுக்காரரைப் பார்த்தாள். அவர் "உலை ஆறட்டும்" என்று சொல்லிக்கொண்டே துடைக்கும் துணியை அவளிடம் நீட்டினார்.

திங்கட்கிழமை குழுவின் முன்னால் எல்லாக் கோடுகளையும் வரிசையாகப் போட்டாள். அதிகம் அரைத்தது, குறைவாக அரைத்தது, அரைக்காதது.

"அரைச்சதுல தண்ணி போயிருக்குங்க சார். தப்பு என் கையில. அரைக்காத கல்லுல ஆறும் இருக்கு, எக்ஸ்ரேயோட ஒத்துப்போகுது."

"நடுவுல அந்தப் படி?" என்றார் குழுத் தலைவர்.

"தெரியலைங்க சார்."

"மூடியால வந்ததா, கல்லோட குணமா?"

"அதுவும் தெரியலைங்க. மூடியை மாத்திப் பார்க்கணும், நிக்கல் கல்லையும் கோபால்ட் கல்லையும் தனித்தனியா வெச்சுப் பார்க்கணும். அதுக்குத்தான் நேரம் கேக்கிறேன்."

தலைவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னலைப் பார்த்தார். அவளை வெளியே போகச் சொல்லிவிட்டு உள்ளே ஏதோ பேசினார்கள். அப்புறம் மேடம் மட்டும் வெளியே வந்து, "நீட்டிப்பு கொடுத்துட்டாங்க. போய் மூடியை மாத்து" என்று சொல்லிவிட்டு நடந்தார். முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று சின்னவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கீழே மரத்தடியில், பித்தான் தைக்க வேண்டிய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா காத்திருந்தாள்.

"என்னடி ஆச்சு? பாஸா?"

"நேரம் கொடுத்திருக்காங்கக்கா."

"தண்ணி கிடைச்சுதா?"

"கிடைச்சுது. ஆனா ஏன் ரெண்டு தடவையா போகுதுன்னு தெரியல."

அக்கா ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுடி. இப்போ நான் சந்தோஷப்படலாமா, கூடாதா?"

"படலாம்னுதான்க்கா நினைக்கிறேன்."