தண்ணி வந்ததும் ஏறலாம்

மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு பாத்திரக்கடையில் எனக்கு வேலை. குடம், அண்டா எல்லாவற்றையும் சாக்கில் கட்டி லாரிக்கு அனுப்புவேன். அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பேச்சும் அதோடு நின்றுவிட்டது என்பாள் என் மனைவி. கடைக்கு வந்தவர்கள் ஏதாவது கேட்டால், நான் அண்டாவுக்குப் பின்னால் குனிந்துகொள்வேன்.

கடை திறக்கும் முன் பல நாள் உச்சிப்பிள்ளையார் கோயிலுக்கு ஏறிவிடுவேன். சாமி கும்பிட்டதும் வடக்குப் பக்கம் வந்து நின்றால் கீழே காவிரி. அக்கரையில் தென்னைகளுக்கு நடுவே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். அந்தத் தென்னைகளுக்குள் எங்கேயோ எங்கள் வாடகை வீடு.

சித்திரையில் காலையிலேயே பாறை சுடும். பாதத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்பேன். மார்கழிப் பனியில் ஆறே இருக்காது, கோபுரத்தின் தலை மட்டும் மிதக்கும். ஐப்பசியில் ஒரு நாள் கொள்ளிடத்துப் பக்கமிருந்து மழை வந்தது. முதலில் கோபுரம் மறைந்தது, பிறகு தென்னைகள். போன் அடித்தது.

"ஏங்க, இங்க கொட்டுது. காயப்போட்ட துணியெல்லாம் போச்சு. அங்க எப்படி?"

"இன்னும் வரல."

"அனுப்பியிருக்கேன். வாங்கிக்குங்க."

சிரித்துவிட்டு வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த மழை ஆற்றைத் தாண்டி என் மேல் விழுந்தது.

சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் என்ன பார்த்தேன் என்று கேட்பாள். நான் நீளமாகப் பேசுவது அதைப் பற்றி மட்டும்தான். நீயும் வா என்றால் வரமாட்டாள். மேற்கே, வாழைத்தோட்டங்கள் நிறைந்த தொட்டியத்தில் ஆற்றங்கரையிலேயே வளர்ந்தவள். காவிரி காய்ந்து கிடந்த ஒரு ஆடிப்பெருக்கில் படித்துறையில் வைத்த குழாயடியில் நின்று தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு வந்த கோபம் அவளுக்குப் போகவே இல்லை.

"மணலைப் பாக்கவா அவ்வளவு உசரம் ஏறணும்? தண்ணி வரட்டும். ரெண்டு கரையும் தொட்டுப் போகணும். அன்னிக்கு ஏறலாம்."

கொஞ்சம் தண்ணீர் வந்த வருஷங்களில், "நடுவுல மணல் திட்டுத் தெரியுதா?" என்று கேட்பாள். தெரியுது என்பேன். "அப்ப வேணாம்" என்பாள்.

ரெண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் வந்த வருஷம் அவளுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. வாசல் வரை நடந்தாலே மூச்சு வாங்கும். படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆடிப்பெருக்கு அன்று காலையில் என்னை எழுப்பி, "நீங்க போங்க. மேல போயிட்டு போன் போடுங்க" என்றாள்.

"நீ இல்லாம எதுக்கு?"

"எனக்காகத்தான் போகச் சொல்றேன்."

உச்சியில் நல்ல கூட்டம். காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. போனை வாயோடு ஒட்டி மெல்லப் பேசினேன்.

"காதுல விழல. சத்தமாச் சொல்லுங்க. யாரும் உங்களைக் கடிச்சுத் திங்கமாட்டாங்க."

என் வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் நடுவில் கத்தினேன். "திட்டே இல்ல! ரெண்டு கரையும் தொட்டுப் போகுது! ஒரே செந்தண்ணி! பாலத்துத் தூணு பாதி முங்கிடுச்சு! ஏதோ மரம் மிதந்து போகுது!"

"வாழையா?"

"இங்கேருந்து தெரியல!"

"வாழையாத்தான் இருக்கும். எங்க ஊருலேருந்து வருது."

கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், "அண்ணே, கமெண்ட்ரி நல்லாருக்கு. கொள்ளிடத்தை விட்டுட்டீங்களே" என்றார். ஒரு பெண் என் போனுக்கருகே வாயைக் கொண்டுவந்து, "அக்கா, அண்ணன் சொல்றது அத்தனையும் நிஜம்!" என்று கூவினாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. போனுக்குள் என் மனைவி சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. அது அடங்கும்வரை காத்திருந்தேன்.

"நான் மொட்டை மாடியில நிக்கிறேங்க."

"ஏன் ஏறினே? டாக்டர் என்ன சொன்னாரு?"

"உக்காந்து உக்காந்துதான் ஏறினேன். திட்டாதீங்க. துண்டை ஆட்டுறேன், தெரியுதா?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். தென்னைகள்தான் இருந்தன. "தெரியலையே."

"எனக்கும் உங்களைத் தெரியல. மலைதான் தெரியுது. பரவால்ல, அப்படியே கொஞ்ச நேரம் நில்லுங்க."

நின்றேன். போனில் அவள் மூச்சுச் சத்தம் கேட்டது.

தை பிறப்பதற்குள் போய்விட்டாள். அவள் சாம்பலைக் கரைத்த அன்று காவிரியில் முழங்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது. நடுவில் திட்டு.

அதன்பிறகு நான் மலை ஏறவில்லை. இந்த ஆடியிலும் தண்ணீர் நிறைய வந்தது. "ஏண்ணே, இந்தத் தடவை மேல போகலையா?" என்று கடையில் கேட்டார்கள். அண்டாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

இப்போது துணி துவைத்துக் காயப்போடுவது நான்தான். எங்கள் மொட்டை மாடியிலிருந்து ஆறு தெரியாது, தென்னைகள் மறைத்துவிடும். அவள் ஆசைப்பட்ட தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட அன்று அவள் கண்ணில் பட்டிருக்காது. இந்த வருஷ ஆடிப்பெருக்கு அன்று காலையில் துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் தெற்கே பார்த்தேன். உச்சியில் கூட்டம் இருந்திருக்கும். ஒருவரும் தெரியவில்லை, மலைதான் தெரிந்தது. கடைக்கு நேரமாகும்வரை நின்றுகொண்டிருந்தேன்.