நிற்பதுபோல் ஓடிய விசிறி

சந்திரவல்லியிடம் மட்டும் வாயைக் கொடுத்துவிடாதீர்கள். போடியில் ஏலக்காய்க் கிடங்கில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறவள் நான், சொல்கிறேன். அவள் எதையும் மறக்கமாட்டாள்.

அவள் புருஷன் சுருளிவேல் அதே கிடங்கில் தூசி ஊதும் விசிறியைப் பார்த்துக்கொண்டவன். காம்பு அடைத்து வேலை கெடுகிறது என்று, விசிறிக்கு முன்னால் இருந்த கம்பி வலையை முதலாளி ராக்கையா கழற்றிப் போட்டிருந்தார். இறக்கை நின்ற பிறகு கையை விட்டுக் காம்பை எடுப்பது வழக்கம். அன்றும் நின்றுவிட்டது என்று பார்த்துத்தான் சுருளிவேல் கையை விட்டான். இரண்டு விரல் போய்விட்டது.

“நிக்கிற ஃபேனு எப்பிடிடா வெட்டும்? குடிச்சிட்டு வந்து கத விடுறான்” என்றார் ராக்கையா. ஊரெல்லாம் அதையே சொன்னார். சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனுஷன்! அவர்கள் மகள் நிலாவுக்குப் பேசி முடித்திருந்த ராசிங்காபுரத்துச் சம்பந்தம், குடிகார வீடு என்று முறிந்தது. பாவி, உன் நாக்கு அழுகிப்போக என்று நாங்கள் சபித்தோம்.

“அழுகி என்ன பிரயோசனம்? அந்தாளு எனக்குப் பதில் சொல்லணும்” என்றாள் சந்திரவல்லி.

திருவிழாக்களுக்கு விளக்குப் போடுகிற ஜெபகுமாரின் கடையில்தான் அவளுக்கு வழி கிடைத்தது. அவன் ஒரு விளக்கை ஓடுகிற மேசை விசிறிமேல் அடித்து, விளக்கின் குமிழைத் திருகினான். இறக்கைகள் அப்படியே நின்றன.

“கண்ணுக்குத்தான்க்கா நிக்குது. வெளிச்சம் விட்டு விட்டு எரியுது. எரியிறப்பல்லாம் றெக்க ஒரே எடத்துல இருந்தா நிக்கிற மாதிரி தெரியும். மட்டமான எல்.இ.டி. பல்புகூட இந்த வேலயச் செய்யும்.”

விபத்து நடந்த வாரம் கிடங்கில் புதிதாக மாட்டியிருந்ததும் மலிவான பல்புதான். சந்திரவல்லி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தம்பி, இதக் கொண்டா எங்க கிடங்குக்கு” என்றாள்.

புது விளக்குப் பார்க்கலாம் என்று சொல்லி ஜெபகுமார் வந்தான். காய் சலிக்கும் எந்திரம் போட்ட இரைச்சலில் வேறொன்றும் கேட்கவில்லை. மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு அவன் குமிழைத் திருகியதும் ஓடிய விசிறி நின்றுபோனதுபோல் தெரிந்தது.

“மொதலாளி, ஃபேனு நின்னுபோச்சு. காம்பு அடைச்சிருச்சு போல” என்றாள் சந்திரவல்லி.

“ஒரு சோலி தெரியுதா ஒங்களுக்கு? தள்ளுங்கத்தா!”

ராக்கையா கையை நீட்டினார். விஷயம் தெரிந்த நாங்கள் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. சந்திரவல்லி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டட்டும் என்று விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

கடைசி நொடியில் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மறுகையிலிருந்த விளக்குமாற்றை உள்ளே விட்டாள். ஈர்க்கெல்லாம் சடசடவென முறிந்து அவர் முகத்தில் தெறித்தது.

“எத்தன குவாட்டரு போட்டீக மொதலாளி?”

“ஆத்தா, சத்தியமா நான் குடிக்கலத்தா! நின்னுச்சு… ஏங் கண்ணால பாத்தேன்!”

“அத ராசிங்காபுரத்துல வந்து சொல்லுங்க” என்று, பிடித்த கையை விடாமல், சந்திரவல்லி அவரை அவருடைய ஜீப்புக்கே இழுத்துக்கொண்டு போனாள்.