வாசலோடு முடிந்த சோதனை

தொண்ணூறுகளில் சேலையூரில் குடியிருந்தபோது, கேஸ் ஏஜென்சியிலிருந்து ஆண்டுதோறும் மெக்கானிக் ஒருவர் அடுப்பையும் ரப்பர் டியூபையும் சோதிக்க வருவார். அதற்கான கட்டணம் எங்களுடையது. அவர் வரும் வேளையில் உள்ளே பெருமாளுக்குப் படைக்கத் தளிகை தயாராகிக்கொண்டிருக்கும். மடியான அடுக்களைக்குள் அந்நியர் நுழையலாகாதென்று, நான் சொல்லிக்கொண்டிருந்த பாசுரத்தை நிறுத்திவிட்டு வாசலிலேயே பணத்தைக் கொடுத்துக் கையெழுத்திடுவேன்.

“டியூபையாவது பாத்துடறேன் சார்.”

“எல்லாம் நன்னாத்தான் இருக்கு. போயிட்டு வாங்கோ.”

கட்டணம் செலுத்தியதாலேயே காவல் கிடைத்துவிட்டதாக நம்பினேன். ஒரு நாள் காலை என் மனைவி அடுப்பைப் பற்றவைத்தபோது டியூபிலும் தீப்பிடித்தது. ரெகுலேட்டரை மூடி அணைத்துவிட்டாள். ஆனால் முன்கை வெந்துபோயிற்று.

மறுநாள் மெக்கானிக்கை நானே அடுக்களைக்கு அழைத்துச் சென்றேன்.

“இன்னா சார், டியூபு பூரா வெடிச்சுக் கீது! துட்டு குடுத்தீங்க, உள்ளதான் வுடல.”

கைக்கட்டுடன் கூடத்தில் படுத்திருந்த மனைவி சொன்னாள்: “இனிமே அவர் வந்தா நேரா உள்ளே அனுப்புங்கோ. பெருமாள் கொஞ்ச நேரம் காத்துண்டிருப்பார்.”

அன்று பெருமாளுக்கு அடுப்பேற்றாத பாலையும் பழத்தையும் நானே படைத்தேன். வழக்கமான பாசுரத்தைத் தொடங்கினேன். பாதியில் அவளுடைய கைக்கட்டு நினைவுக்கு வர, நிறுத்திவிட்டேன்.