பூவம்மா காய்ச்சிய பால்

பஃப்ளோ ரோட்டில் பூவம்மா மசாலா அரைக்கத் தொடங்கினால்தான் பாதிப் பேருக்குப் பொழுது விடியும். ஜமால் முகம்மதுவின் கடைக்கு மேலே ஒற்றை அறை, அதில் ஓர் அம்மி. ரோடு போடும் வேலையில் இருந்த கணவரை ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், போனவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு மீனுக்கும் கறிக்கும் மசாலா அரைத்து, வாழையிலையில் உருண்டை உருண்டையாக வைத்து விற்று, ஒரே மகன் தங்கராஜுவைப் படிக்கவைத்து அரசாங்க ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக உட்காரவைத்தாள். ஒல்லியான உடம்பு, ஆனால் குரல் மட்டும் நாலு பேருக்குச் சமம். அவள் ரகசியம் பேசினால் தேக்கா மார்க்கெட் வரை கேட்கும் என்று பக்கத்து அறை ஆமினா பீவி கேலி செய்வாள்.

அந்தக் குரலைத்தான் தங்கராஜுவால் தாங்க முடியவில்லை. ஒருநாள் மழையில் அவனுக்குக் குடை கொண்டுவந்து, ஆபீஸ் வாசலில் நின்று, "ராஜூ" என்று கூப்பிட்டாள். மாடியில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். யார் என்று கேட்டவனிடம், "எங்க வீட்டுப் பக்கம் தெரிஞ்சவங்க" என்று சொன்னான் இந்த மகராசன். சொல்லிவிட்டுக் குடையை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டான்.

கல்யாணமானதும் தனியே வாடகைக்குப் போயிருந்த அவனுக்கு அறுபத்திரண்டாம் வருஷம் குவீன்ஸ்டவுனில் புது அடுக்குமாடி வீடு கிடைத்தது. ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் அதே புளோக்கில் இருந்தார்கள். அங்கே அம்மாவை நினைத்துப் பார்த்தான், அம்மியை நினைத்துப் பார்த்தான். மனைவி பாக்கியலட்சுமியிடம், "அம்மா அந்த ரூமை விட்டு வரவே வராது, கேட்டுப் பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டான். கேட்கவே இல்லை. அம்மாவிடம், "புது வீடு கெடச்சிருக்கும்மா, நல்ல காத்தோட்டம்" என்றான். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும், அங்கே அவளுக்கு இடமில்லை என்ற மிச்சத்தை விழுங்கிவிட்டான்.

எப்படியும் ஒருநாள் சொல்லித்தானே ஆக வேண்டும். அதற்குத்தான் சாங்கி. அங்கே கடலோரத்தில் அரசாங்க ஊழியர்களுக்கு விடுமுறை பங்களா வாடகைக்குக் கிடைக்கும். ஒரு வாரம் அம்மாவை அங்கே வைத்து, நன்றாகச் சாப்பாடு போட்டு, மனம் குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்துப் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று திட்டம் போட்டான். வெட்டப்போகும் ஆட்டுக்கு மாலை போடுகிற காரியம்தான். அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

"துணிமணி எடுத்து வைம்மா. சாங்கிக்குப் போறோம்" என்றான்.

மகனும் மருமகளும் ஆளுக்கு ஒரு பையோடு பங்களாவில் இறங்க, பூவம்மா பெரிய மூட்டையோடு வந்து இறங்கினாள். கூடவே தூக்குவாளியில் பசும்பால், ஈரச்சாக்கில் சுற்றிய முருங்கைக்கொம்பு. வந்ததும் வராததுமாக அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினாள். பொங்கி வழியும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வழியுதும்மா, பாத்துக்கிட்டே நிக்கிற" என்று தங்கராஜு சிரித்தான். அவள் முதல் டம்ளரை அவன் கையில் கொடுத்தாள். பிறகு மூட்டையை அவிழ்த்து, முருகன் படம், கணவர் படம், மஞ்சள் டப்பா, வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றையும் அலமாரியில் ஒழுங்காக அடுக்கினாள். ஒரு வாரத்துக்கு இவ்வளவு சாமானா என்று நினைத்தவன், வயசானவர்கள் அப்படித்தான் என்று விட்டுவிட்டான்.

நாட்கள் ஓடின. அவன் வாய் மட்டும் திறக்கவில்லை. காலையில் அவள் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் வற்றிய மணலில் சிப்பி பொறுக்குவாள். அவன் பின்னாலேயே போவான்.

"அம்மா, அந்த வீட்டு விஷயம்…"

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல."

அவள் சிப்பிக் குழம்பு வைத்தாள். அவன் அதை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் சமையலறைப் பக்கம் மண்ணைக் கொத்தி முருங்கைக்கொம்பை நட்டுக்கொண்டிருந்தாள். பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரர் சைக்கிளில் வந்து, நாளைப் பகலில் சாவி வேண்டும், வேறு குடும்பம் வருகிறது என்று தங்கராஜுவிடம் மலாயில் சொன்னார். மசாலா விற்ற பூவம்மாவுக்குச் சந்தை மலாய் தண்ணீர் பட்ட பாடு. மண் கையோடு எழுந்து, சிரித்துக்கொண்டே, "இனி ரூமா சாயா பூஞா" என்றாள். இது என் வீடு என்று அர்த்தம். அவர் தங்கராஜுவைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் சைக்கிளைத் திருப்பினார்.

"அம்மா, இது நம்ம வீடு இல்ல. லீவுக்கு எடுத்தது. நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்."

"நீதானப்பா புது வீடுன்னே. காத்தோட்டம்னே." கடலைத் திரும்பிப் பார்த்தாள். "பால் காய்ச்சிட்டேனே ராஜு."

அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? வாழ்நாளில் ஒருநாள்கூட லீவு என்று எங்கேயும் போய்த் தங்கியவள் இல்லை. அவளுக்குத் தெரிந்து சாமான் கட்டிக்கொண்டு கிளம்பினால் அது குடிபோவதுதான்.

தங்கராஜுவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "அப்ப ரூமு?"

"ஜமால் பாய்கிட்டச் சாவியைக் குடுத்துட்டேன். அம்மிய ஆமினா எடுத்துக்கிட்டா."

"யாரைக் கேட்டும்மா ரூமை விட்டே?"

கத்திவிட்டான். அது அவனுடைய வாய்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. பூவம்மா கையிலிருந்த மண்ணைத் தட்டுவதை நிறுத்தினாள்.

சமையலறை வாசலில் பாக்கியலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். "அத்தை வரமாட்டேன்னு சொன்னாங்கன்னு சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பூவம்மா மருமகளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். எழுத்து தெரியாதவள்தான், ஆனால் முகம் பார்த்துக் கடன் கொடுத்துப் பிழைத்தவள். புரிந்துகொள்ள அவளுக்கு நேரமாகவில்லை.

"இல்லம்மா, நீ நம்மகூடத்தான் வர்றே. குவீன்ஸ்டவுன்ல, மூணாவது மாடி" என்று தங்கராஜு அவசர அவசரமாகச் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வேற எங்க போவ?" என்றும் சொல்லித் தொலைத்தான்.

"சரிப்பா" என்றாள்.

பாக்கியலட்சுமி கொம்பைப் பிடுங்கி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது, "இருக்கட்டும்மா, வர்றவங்க சாப்பிடட்டும்" என்றாள்.

மறுநாள் காலை சாமான்களையெல்லாம் மூட்டையில் கட்டி வைத்துவிட்டுக் கடைசியாக ஒருமுறை கடலில் கால் நனைக்கப் போனாள். தங்கராஜு பக்கத்தில் போய் நின்றான். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தான்.

"அம்மா, நான் வந்து…"

"தண்ணி வத்துது பாரு" என்றாள். அவ்வளவு தாழ்ந்த குரலில் அவள் பேசி அவன் கேட்டதே இல்லை.

குவீன்ஸ்டவுன் வீட்டில் பால் காய்ச்ச அத்தையைத்தான் பாக்கியலட்சுமி கூப்பிட்டாள். "நீயே காய்ச்சும்மா. நான்தான் காய்ச்சிட்டேனே" என்று பூவம்மா ஒதுங்கிக்கொண்டாள். ஹாலின் ஓரத்தில் பாய், தலைமாட்டில் மூட்டை. அதைப் பிறகு அவிழ்க்கவே இல்லை. மாற்றுப்புடவையை மட்டும் உருவி எடுப்பாள், துவைத்துக் காய்ந்ததும் உள்ளே செருகுவாள். அந்தக் குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆபீஸ் ஆட்கள் வந்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். உன் அம்மா ரொம்ப அமைதி என்று அவர்கள் பாராட்டினார்கள். தங்கராஜு கேட்ட வரம் கேட்டபடி கிடைத்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து ஒருவேளைச் சோறுகூட அவனுக்கு ருசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் டேங்க் ரோடு கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், சுவரில் ஆணி அடித்து ஒரு பலகையைப் பொருத்தினான். மூட்டையைத் தானே அவிழ்த்து, முருகன் படம், அப்பா படம், மஞ்சள் டப்பா, வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றையும் சாங்கியில் இருந்த வரிசையிலேயே அடுக்கினான். திரும்பி வந்தவள் பார்த்தாள். மறுநாள் அவன் வேலைவிட்டு வந்தபோது பலகை காலியாக இருந்தது. மூட்டை பழைய இடத்தில், பழைய முடிச்சோடு இருந்தது.

"எதுக்கும்மா திரும்பக் கட்டினே?"

அவள் ஏதோ சொன்னாள். காதில் விழவில்லை. தங்கராஜு அவள் வாயருகே குனிந்து, "என்னம்மா?" என்று கேட்டான்.

"உனக்கு எடஞ்சலா இருக்கும்லப்பா" என்றாள்.