எச்சிலுக்கு டொச்சில் சொல் இல்லை

சுவிஸின் பீல் நகரில் நான் வேலை செய்யும் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில், பக்கத்து மேசைக்காரி தான் வாய் வைத்துக் குடித்த தண்ணீர்ப் போத்தலை அப்படியே என்னிடம் நீட்டுவாள். வேண்டாம் என்றால் முகம் சுருங்கும். வாங்கி அண்ணாந்து ஊற்றினால் சர்க்கஸ் பார்ப்பதுபோல் கைதட்டுவாள். இந்த நாட்டுக் குளிர் பழகிவிட்டது, சீஸ் பழகிவிட்டது, எச்சில் மட்டும் பழகவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணற்றடியில் ஒரு செம்பு இருந்தது. அயலவர் எல்லாரும் அதில்தான் குடிப்பார்கள்; ஒருவருடைய உதடும் அதில் பட்டதில்லை. அடுத்தவருக்கு எச்சில் கொடுக்காமலிருப்பதுதான் எங்களுக்கு மரியாதை.

போன மாதம் என் மகள் அபி, தான் கட்டப்போகும் லூக்காவின் வீட்டுக்கு என்னை முதல்முறையாகக் கூட்டிப்போனாள். ஏரிக்கரைச் சரிவில் திராட்சைத் தோட்டம், வீட்டுக்குக் கீழே நிலவறை. குடும்பமாகவே சேர்ந்து பழைய முறையில் சிவப்பு வைன் செய்கிறார்கள். "அம்மா, ஒண்டும் பிழையா நடக்கக் கூடாது. அவையளுக்கு உங்களைப் பிடிக்கவேணும்," என்று ரயில் முழுக்கப் பாடம் எடுத்தாள். எனக்கும் அதே பயம்தான். தகப்பன் இல்லாமல் வளர்த்த பிள்ளை. என்னால் அவளுக்கு ஒரு குறை வந்துவிடக் கூடாது.

உள்ளே போனதும் பயத்தைவிடப் புதினம் பார்க்கும் ஆசை மிஞ்சிவிட்டது. திறந்த மரத்தொட்டியில் நசுக்கிய பழம் நுரைத்துக்கொண்டிருந்தது. மேலே மிதந்துவரும் தோலை லூக்காவின் தகப்பன் வால்ட்டர் நீண்ட தடியால் அமுக்கி அமுக்கி விட்டார். ஒரு பழத்தைப் பிதுக்கிக் காட்டினார். கறுத்த பழம், சாறோ வெளிறிக் கிடந்தது. "நிறம் தோலில்தான் இருக்கிறது," என்று டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொல்லி என்னைப் பார்த்தார். என் கறுப்பைத்தான் சொல்கிறாரோ என்று சுருக்கென்றது.

"பழத்தைச் சொல்லுறார் அம்மா!" என்று அபி சிரித்தாள்.

பிறகு போன வருடத்து வைனைப் பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸில் எடுத்தார். ஒரே கிளாஸ். அவர் குடித்தார், லூக்காவின் தாய் குடித்தாள், லூக்கா குடித்தான், என் மகளும் கூசாமல் வாய் வைத்துக் குடித்தாள்! அடுத்தது நான். வைன் தொட்டறியாதவள், போதாக்குறைக்கு நாலு பேர் எச்சில். சம்பந்தி வீட்டில் மரியாதையாக நடப்போம் என்று அண்ணாந்து ஊற்றினேன். பாதி வாய்க்குள், பாதி சேலையில்.

யாரும் சிரிக்கவில்லை. கிளாஸ் சுத்தமில்லையா என்று வால்ட்டர் கேட்டார்.

"அம்மா, வீட்டு ஆக்களுக்கு மட்டும்தான் இவை இந்தக் கிளாஸைக் குடுக்கிறவை," என்றாள் அபி, அழுமாப்போல்.

"ஐயோ, எச்சில் படுத்தக் கூடாதெண்டுதான் பிள்ளை! அது மரியாதை எண்டு சொல்லு."

"எச்சிலுக்கு டொச்சில என்ன சொல்லுறது?" அபி யோசித்துவிட்டு 'ஷ்பைஷெல்' என்றாள். அது வெறும் உமிழ்நீர். நிலைமை இன்னும் கெட்டது. லூக்காவின் தாய் கிளாஸை வாங்கித் துடைக்கத் தொடங்கினாள். அவள் கையைப் பிடித்து, தெரிந்த டொச்சில் சொன்னேன்: "கிளாஸ் சுத்தம். என் வாய் ஊத்தை. உங்களுக்கு வேண்டாம்."

வால்ட்டருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் மறுபடி அதே கிளாஸில் வைன் எடுத்து, ஒரு மிடறு குடித்து, தன் உதடு பட்ட அதே பக்கத்தை என் பக்கம் திருப்பித் தந்தார். கண்ணை மூடிக்கொண்டு வாய் வைத்தேன். புளித்தது, பிறகு நாவற்பழம் தின்றதுபோல் நாக்குக் கயர்த்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாயிருந்தது. அபி என்னைக் கட்டிக்கொண்டாள். அன்றிரவு அவள் அங்கேயே தங்கினாள்.

தனியே வீட்டுக்கு வந்தேன். தாகம். இங்கேயும் நான் வைத்திருக்கும் செம்பை எடுத்து வழமைபோல் அண்ணாந்தேன். கை பாதியில் நின்றுவிட்டது. எனக்குப் பிறகு இந்தச் செம்பில் குடிக்க இங்கே யார் இருக்கிறார்கள்? ஊற்றவும் மனமில்லை, உதட்டில் வைக்கவும் மனமில்லை. தண்ணீரோடு அதைப் பிடித்தபடி குசினியில் நின்றேன்.