மூட்டைக்குப் பயந்த நாய்

அந்த நாய் என்னுடையது அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது பட்டணத்து நாய். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய சித்திரையில், திருத்தணியில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குக் குடிவந்தவர்களோடு வந்தது. புருஷன், பெண்டாட்டி, இந்த நாய். அவ்வளவுதான் குடும்பம்.

அவளுக்கும் என் வயசுதான், பத்தொன்பது. என் வீட்டுக்காரர் அரக்கோணத்தில் ரயில்வே குமாஸ்தா. காலை வண்டிக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். எனக்குப் பேச ஆள் இல்லை என்பதே அவள் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கீரை ஆய்ந்துகொண்டே பேசுவோம், தலை பின்னிக்கொண்டே பேசுவோம். என்னதான் பேசினோம் என்று இப்போது கேட்டால் ஒன்றும் நினைவில்லை. சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது. சிரிப்பு வந்துவிட்டால் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். அப்படியும் நிற்காது.

நாய்க்கு ஒரு வியாதி இருந்தது. ஓடிவந்த வழியில் லாரி மேலிருந்து ஒரு மூட்டை அதன் முதுகில் விழுந்து, எழுவதற்குள் கூட்டம் மிதித்துவிட்டதாம். அன்றிலிருந்து மூட்டை சுமந்த ஆளைக் கண்டால் பாயும். திருத்தணியில் மூட்டை இல்லாத ஆளுக்கு எங்கே போவது? எங்கள் தெருவோ ஸ்டேஷனிலிருந்து முருகன் கோயில் மலையடிவாரத்துக்குப் போகிற வழி. பாதிப்பேர் ஆந்திரா பக்கத்திலிருந்து வருகிறவர்கள். "குக்க! குக்க!" என்று தெலுங்கில் அலறிக்கொண்டு எதிர்வரிசைக்கு ஓடுவார்கள். தமிழ், தெலுங்கு என்ற பேதமெல்லாம் நாய்க்குக் கிடையாது.

தை மாதம் குண்டு பயம் தெளிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். ரயிலில் நாய்க்கென்று கார்டு வண்டியில் ஒரு கூண்டு உண்டு. ஆனால் இது பிளாட்பாரத்தில் போர்ட்டர் மேல் பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்து கார்டு ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டார். வண்டி ஊதிவிட்டது. அவள் அழுதுகொண்டே கயிற்றை என் கையில் திணித்தாள்.

"வேற யாரு வந்தாலும் இது போவாதுடி. நானே வந்து இட்டுகினு போறேன். அதுவரைக்கும் பாத்துக்கோ."

அவள் அழுதாள், நானும் அழுதேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம். நாய் இங்கே இருக்கிறது, அதனால் அவள் வந்துதான் ஆகவேண்டும். சின்னப் புத்திதான், ஒப்புக்கொள்கிறேன்.

பங்குனியில் அது ஒரு பக்தரின் வேட்டியைக் கிழித்தது. பல் படவில்லை, அந்தமட்டும் தப்பித்தோம். சாயங்காலம் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"இதப் பாருமே, ஆடிக் கிருத்திகைக்கு ஜனம் கொள்ளாது. எவன் காலையாவது இது கவ்விச்சின்னா அவன் தொப்புளச் சுத்தி ஊசி போட்டுகினு திரியணும். அதுக்குள்ள இது அடங்கலன்னா பஞ்சாயத்து ஆளுகிட்ட சொல்லிடுவேன்."

பஞ்சாயத்து ஆள் என்றால் நாய் பிடிக்கிற சுருக்குக் கம்பி. நாய் போய்விட்டால் அவள் எதற்கு வருவாள்?

முதலில் செய்ததெல்லாம் தப்பு. ஒருநாள் விளக்குமாற்றால் அடித்தேன். அது மறுநாள் இரண்டு மடங்கு குரைத்தது. பிறகு அணைத்துக்கொண்டு "ஒண்ணுமில்லடா" என்று தடவினேன். ஆள் வரும்போதெல்லாம் நான் கயிற்றை இறுக்குவது அதற்குத் தெரியாதா? கயிறு இறுகினால் ஆபத்து என்று நானே அதற்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் புத்தி வந்தது. தினமும் மத்தியானம் குளத்துப் பக்கம் கூட்டிப்போனேன். தெருவிலிருந்து ஒரு கல்லெறி தூரத்தில் புளியமரத்தடியில் உட்காருவோம். முந்தானையில் கருவாட்டுத் துண்டு முடிந்திருக்கும். கோயில் குளத்துக்குக் கருவாடா என்று கேட்காதீர்கள். முருகன் மன்னித்திருப்பார். தூரத்தில் ஒரு மூட்டை தெரியும். அது குரைக்க வாய் திறப்பதற்குள் ஒரு துண்டு. மூட்டை மறைந்தால் கருவாடும் மறைந்துவிடும். குரைத்துவிட்டால் திட்டமாட்டேன், எழுந்து இன்னும் பத்தடி பின்னால் போய் உட்காருவேன். கிருத்திகை நாட்களில் மட்டும் பொட்டுக்கடலை. அது அதற்குப் பிடிக்கவேயில்லை. நாயும் பாவம் விரதம் இருந்தது.

துணி துவைக்க வருகிற பெண்களுக்கு நான் நல்ல வேடிக்கை.

"இன்னாம்மா, நாய்க்குப் பாடம் நடக்குதா? எத்தினாங் கிளாசு?"

"ஆங், உன்னக் காட்டியும் ஒரு கிளாசு மேல" என்பேன்.

வைகாசி பிறந்தபோது மூட்டையைக் கண்டதும் அது குரைக்காமல் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தது. பயமாக இருக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்கிற பார்வை அது. அதன்பிறகு ஐந்தைந்து அடியாகத் தெருவை நெருங்கினோம். பழைய புடவையை மூட்டையாகக் கட்டி நானே தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, பிறகு கொஞ்சம் இழுத்து, உடனே கருவாடு கொடுத்தேன். கயிறு இறுகினாலும் பயமில்லை என்று அதற்குத் தெரியவேண்டுமே. துவைக்கிற பெண்களை அவர்கள் கையாலேயே தின்னக் கொடுக்கச் சொன்னேன். நடந்ததையெல்லாம் அவளுக்குத் தபால் கார்டில் எழுதவில்லை. வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று வைத்திருந்தேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. தெரு கொள்ளாத கூட்டம். காவடி, மூட்டை, மொட்டைத்தலை, அழுகிற பிள்ளைகள். வாசலில் என் காலடியில் படுத்துக்கொண்டு நாய் எல்லாவற்றையும் பார்த்தது. ஒரு கிழவர் கால் வலிக்கிறது என்று மூட்டையை அதன் பக்கத்திலேயே இறக்கிவைத்தார். அது மூட்டையை மோந்து பார்த்துவிட்டுத் தலையைக் கீழே வைத்துக்கொண்டது. வீட்டுக்காரர் பஞ்சாயத்துப் பேச்சை அதோடு விட்டார்.

ஆவணியில் ஒரு மத்தியானம் வாசலில் ஆள் அரவம் கேட்டது. அவள் புருஷனுடைய ஆபீஸ் பியூன். தோளில் ஒரு மூட்டை, கையில் அவள் கடிதம். அவளுக்கு ஐந்து மாதமாம். மசக்கை இன்னும் விடவில்லையாம், ரயிலேறக் கூடாது என்றுவிட்டார்களாம். 'இவர் பிடிவாதமாக ஆளை அனுப்புகிறார். அவனோடு அது வராது என்று எனக்குத் தெரியும். வராவிட்டால் விட்டுவிடு. பிரசவம் ஆனதும் நானே வருகிறேன். உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.'

கடைசி வரியை நான்கு தடவை படித்தேன்.

அந்த ஆள் தெருவில் தள்ளியே நின்றான். "கடிக்குமாமே? எனக்கு இன்னாத்துக்கும்மா வம்பு? அது வரமாட்டேன்னா அப்படியே திரும்பிடறேன்."

அவன் பயந்துதான் இருந்தான். நாய் எழுந்து நின்றது. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். கயிற்றை ஒரு இழு இழுத்தால் போதும், அது ஒரு பாய்ச்சல் பாயும், இவன் அடுத்த வண்டிக்கு ஓடிவிடுவான், அவள் வருவாள். இழுத்தேன். கை வலிக்க இழுத்தேன். நாய் திரும்பி என் முகத்தைப் பார்த்தது. வாலை ஆட்டியது. கருவாடு எங்கே என்று கேட்டது.

என் கையில் ஒன்றும் இல்லை. அது ஒரு கணம் பார்த்துவிட்டு, போய் அவன் மூட்டையை மோந்தது. பிறகு அவன் கையை மோந்தது. அவன் சிரித்துவிட்டான். "பாவம், சாதுவாத்தானேம்மா இருக்குது!"

ஸ்டேஷன்வரை நானும் போனேன். நாய் கார்டு வண்டியில் ஏறி அந்தக் கூண்டுக்குள் தானாகவே போய்ப் படுத்தது. சுற்றிலும் மூட்டைகள். வண்டி நகர்ந்தபோதுகூட அது குரைக்கவில்லை. எனக்காக ஒரே ஒரு தடவை குரைத்திருக்கலாம்.

பத்து நாளில் அவளிடமிருந்து தபால் கார்டு வந்தது. நாய் யாரைக் கண்டாலும் வாலாட்டுகிறதாம், வீட்டில் எல்லோருக்கும் அதிசயமாம். 'என்னடி செய்தாய், எப்படிச் செய்தாய், உடனே எழுது' என்று கேட்டிருந்தாள்.

நேரில் வா, சொல்கிறேன் என்று பதில் போட்டேன். அவள் வரவேயில்லை.