ஃபின்னுக்குள் சந்தனம்

பெங்களூரு பக்கம் சந்தாபுராவில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. அவரவர் மெஷினுக்கு அவரவர்தான் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும். நானோ இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்காரி. பதினோரு வருடமாக, அளவெடுக்கிற ஒரு வெர்னியருக்கும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். "அவ்ளோதானாக்கா உன் பூஜை?" என்று லேத்காரர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர்கள் கடைந்த ஒவ்வொரு உருப்படியும் என் கைக்குத்தான் வந்தாக வேண்டும். தலைமுடி அளவு கூடினாலும் தூக்கிப் போட்டுவிடுவேன். எவன் அவசரப்பட்டான், எவன் டூலைத் தீட்டாமல் ஓட்டினான் என்பதெல்லாம் அளக்கும்போதே தெரிந்துவிடும். இப்படி அடுத்தவர் தப்பை அளந்து அளந்தே லேத் வேலையைக் கற்றுக்கொண்டேன்.

மூன்றாம் நம்பர் லேத்காரர் வேலையை விட்டுப் போனதும் முதலாளியிடம் போய் நின்றேன். அவர் கன்னடக்காரர், எங்களிடம் தமிழிலேயே பேசுவார்.

"சார், அந்த லேத்த எனக்குக் குடுங்க."

"அளக்கறது வேற, கடையறது வேறம்மா."

"வீட்டுல நானே ஒரு இன்ஜின் கடைஞ்சு வெச்சிருக்கேன் சார். குட்டி இன்ஜின்."

"ஓடுமா?"

"ஓடும்."

"சரி, ஆயுத பூஜைக்கு எடுத்துட்டு வா. எல்லார் முன்னாடியும் பத்து நிமிஷம் ஓடினா லேத் உனக்கு. நின்னு போச்சுன்னா வெளியேர்ந்து ஆள் போட்டுக்கறேன்."

வாய் பெரிதாகச் சொல்லிவிட்டது. உண்மையில் அந்த இன்ஜின் அப்போது மூன்று நிமிடம் தாண்டியதில்லை.

சிவாஜிநகர் பழைய இரும்புக் கடையில் எடுத்த சின்ன லேத் ஒன்று எங்கள் சமையலறையில், கிரைண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில்தான் இரண்டு வருடமாகக் கடைந்தேன். உள்ளங்கையில் அடங்கும் இன்ஜின். ஒரு சிலிண்டர், ஒரு பிஸ்டன், அரிசி முனை போல இரண்டு வால்வு. பெட்ரோலையும் காற்றையும் இழுக்கும், அமுக்கும், வெடிக்கும், புகையைத் தள்ளும். பெரிய வண்டி செய்யும் நாலு வேலையையும் ஒன்று விடாமல் செய்யும். கம்பெனி கேப் ஓட்டும் என் கணவர் எட்டிப் பார்த்து, "இட்லிக்கு மாவு அரைக்குமா இது?" என்பார். "அரைக்காது. உங்க வாய அடைக்கும்" என்பேன்.

ஆனால் சூடு தாங்கவில்லை. இரண்டு நிமிடத்தில் சிலிண்டர் கொதிக்கும், மூன்றாவது நிமிடத்தில் பிஸ்டன் உப்பி அப்படியே இறுகி நின்றுவிடும். பைக் இன்ஜினைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடு இருக்குமே, அதைப் பட்டறையில் ஃபின் என்போம். அது போல ஒன்பது ஃபின் கடைந்து மாட்டினேன். அப்போதும் நின்றது. ஆத்திரத்தில் ஸ்பேனரை வீசினேன். அது நேராகத் தோசை மாவுக்குள் விழுந்தது.

மாவிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் கழுவிக்கொண்டே என் கணவர்தான் சொன்னார்: "பைக்கு ஓடினா காத்து படுது, சிக்னல்ல நின்னா சூடாவுது. உன் இன்ஜின் எப்பவும் சிக்னல்லயே நிக்குது. காத்து எங்கேர்ந்து வரும்?" அட, ஆமாம்! பவுடர் டப்பாத் தகட்டை வெட்டி ஒரு குட்டி விசிறி செய்து, இன்ஜினோடு சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தோடு சேர்த்தேன். பதினைந்து நிமிடம் ஓடியது. அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பூஜையன்று காலை. என் வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தனம் வைக்க எனக்கென்று ஒரு மெஷின். ஆசை விடுமா? விரல் விரலாக எடுத்து அப்பினேன். ஒன்பது ஃபின்னுக்கும் நடுவில் சந்தனம், மேலே குங்குமம், சுற்றிலும் இரண்டு சுற்றுச் சாமந்தி மாலை. தலைமுடி அளவு தப்பையும் விடாதவள் நான்தான்.

ஃபிளைவீலில் சுற்றிய கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். முதலாளி செல்போனில் நேரம் வைத்தார். பூசாரி மணியடித்து ஆரத்தியைத் தொடங்கினார்.

நாலாவது நிமிடம் கமகமவென்று சந்தன வாசனை எழுந்தது. "ஆஹா!" என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் குனிந்து காது கொடுத்தேன். சத்தம் கனத்துப் போயிருந்தது. காற்று போக வேண்டிய சந்துகளையெல்லாம் நானே என் கையால் அடைத்து வைத்திருக்கிறேன்!

"அறிவுகெட்ட முண்டமே!" என்று கத்தினேன். என்னைத்தான். தன்னைச் சொன்னதாக நினைத்துப் பூசாரி மணியை நிறுத்திவிட்டார்.

மாலையைப் பிய்த்து எறிந்தேன். சந்தனம் காய்ந்து இறுகிவிட்டிருந்தது. தண்ணீர் ஊற்றினால் கொதிக்கிற சிலிண்டர் விரிசல் விட்டுவிடும். சுவரில் ஏர் கன் தொங்கியது, தினமும் இரும்புத் தூளை ஊதித் தள்ளுவோமே, அது. அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள். பூஜையன்று பட்டறைக் கருவி எதற்கும் வேலை கொடுக்கக் கூடாது. நான் கை நீட்டியதும் முதலாளிக்குப் பதற்றத்தில் கன்னடம்தான் வந்தது: "பேடம்மா, இவத்து முட்டபாரது!" இன்று தொடக் கூடாதாம்.

"மன்னிச்சுக்கோ தாயே" என்று சரஸ்வதி படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு விசையை அழுத்தினேன். முந்தின நாள் கம்ப்ரசர் டாங்க்கில் அடைத்து வைத்த காற்று புஸ்ஸென்று பாய்ந்தது. காய்ந்த சந்தனத் தூள் மஞ்சளாகப் பட்டறை முழுக்கப் பறந்தது. பூசாரியின் தாடி மஞ்சள், லேத்காரர்களின் மீசை மஞ்சள், முதலாளியின் புது வெள்ளைச் சட்டை மொத்தமும் மஞ்சள். இன்ஜின் இரண்டு தரம் இருமியது. என் உயிர் போய்த் திரும்பியது. மூன்றாவது தரம் படபடவென்று பிடித்துக்கொண்டது.

பத்தாவது நிமிடம் செல்போன் அடித்தது. இன்ஜின் நிற்கவில்லை, நானும் நிறுத்தவில்லை. பெட்ரோல் தீரும்வரை ஓடிவிட்டுத்தான் ஓய்ந்தது. ராஜாத்தி!

முதலாளி சட்டையைக் குனிந்து பார்த்தார். திட்டு வாங்கத் தயாரானேன். அவர் பூசாரியிடமிருந்து சந்தனமும் குங்குமமும் இருந்த தட்டை வாங்கி என் முன்னால் நீட்டினார்.

"மூணாம் நம்பருக்கு இன்னும் யாரும் பொட்டு வெக்கல. போய் வை."

போனேன். இந்த முறை ஒரே ஒரு துளி சந்தனம்தான் எடுத்தேன். பதினோரு வருடம் மைக்ரோமீட்டர் பிடித்த கைதான், ஆனாலும் பொட்டு கோணலாக விழுந்தது. வேறு யார் வைத்திருந்தாலும் ரிஜெக்ட் செய்திருப்பேன். என் மெஷின், என் பொட்டு, அப்படியே விட்டுவிட்டேன்.